தடுப்பூசிக் கணக்கில் நம்மவர் ரத்தமும் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வரும் (கருப்பைவாய் போன்ற) புற்றுநோய்க்கு, நோய் வந்தபின் குணப்படுத்தும் சிகிச்சைத் தடுப்பூசியைக் கணினி வழியில் வடிவமைப்பது பற்றிய தங்கள் செய்தியில், எந்த ஹெச்.எல்.ஏ. (வைரஸ் துண்டுகளைப் பிடித்து நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும், ஆளுக்கு ஆள் மாறுபடும் புரதம்) வகைகளை வைத்துக் கணித்தார்கள் என்ற விவரம் இல்லை. வைரஸின் இ6, இ7 புரதங்களை 9 அமினோ அமிலத் துண்டுகளாகப் பிரித்து, ஹெச்.எல்.ஏ.வுடன் 500 நானோமோலாருக்குள் (எண் குறையக் குறையப் பிணைப்பு வலுவானது) பிணைபவற்றை மென்பொருள் பொறுக்கி எடுக்கிறது. (வைரஸின் மேலுறைப் புரதமான எல்1ஐக் கொண்டு, நோய் வருமுன் காக்கப் போடும் ஊசி வேறு.) ஐரோப்பியரிடம் பரவலான ஏ*02:01 என்ற ஹெச்.எல்.ஏ. வகையை மட்டும் கொடுத்து வேலையை முடித்துக்கொள்வோர் உண்டு. அதற்குப் பதில், நம்மவரிடம் அடிக்கடி காணப்படும் ஏ*33:03ஐக் கொடுத்து ஓட்டினால், முதலிடத் துண்டுகள் பட்டியலிலிருந்தே காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். பிணைந்தாலும் செல்லுக்குள் அத்துண்டு சரியாக வெட்டுப்படாவிட்டால் பயனில்லை என்பது அடுத்த சிக்கல்.

சிறுநீரக மாற்று சிகிச்சைக்காக அரசு மருத்துவமனைகளில் எடுக்கப்படும் ஹெச்.எல்.ஏ. ரத்தப் பரிசோதனை முடிவுகளை, பெயர் நீக்கி, உரிய ஒப்புதலுடன் ஆய்வாளர்களுக்குத் தர சுகாதாரத் துறை ஏற்பாடு செய்யலாம்.

– வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை