மேலும் கீழும் தணல்

பாளையங்கோட்டை,
ஜனவரி 4.

அன்புள்ள எஸ்தர்,

உன் கிறிஸ்துமஸ் அட்டையும் கடிதமும் புத்தாண்டுக்கு மறுநாள் வந்து சேர்ந்தன. என்றைக்குத் தபாலில் போட்டாய் என்று கேட்கமாட்டேன். தேர்வுக் கட்டணத்தையே கடைசி நாள் கடைசி மணியில் ஓடிப்போய்க் கட்டியவள் நீ.

முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். படியேறும்போது தன்னை நினைவூட்டும், மற்ற நேரம் சும்மா இருக்கும். ஆற்றில் தண்ணீர் போகிறது. பிசானம் நட்ட வயலெல்லாம் பச்சை. பனங்கிழங்கு வந்துவிட்டது. ஊர்ச் செய்தி அவ்வளவுதான். நீ கேட்டது இதையெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? குடைமிளகாய்க் கதையை என் தங்கை போனில் உன்னிடம் சொல்லிவிட்டாளாமே! அவள் சொன்னதில் பாதி பொய். படுக்கையறையில் சமைத்தேன் என்பது மட்டும் உண்மை.

அரையாண்டு விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பேத்திக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. வந்த அன்றே, "ஆச்சி, குடைமிளகாய்க்குள் சோறு அடைத்து ஓவனில் வைத்துத் தருவீர்களா? என் சிநேகிதி வீட்டில் செய்தார்கள்" என்றாள். மகன் மூன்று வருடங்களுக்கு முன் வாங்கித் தந்த ஓவன், பிரிக்காத அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கிறது. அதன்மேல் கொலுப் பொம்மைப் பெட்டி. மகன் ஒன்றும் சொல்லவில்லை, பரணைத்தான் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தான். அதற்குமேல் நான் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு வண்ணார்பேட்டை மதினி குடும்பத்தையும் கூப்பிட்டுவிட்டேன். மொத்தம் ஒன்பது பேர்.

இறக்கித் துடைத்து வைத்தபிறகுதான் தெரிந்தது, அதன் பிளக் சமையலறையில் எந்த ஓட்டையிலும் நுழையாது. வீட்டில் பெரிய பிளக் பாயின்ட் இருப்பது இரண்டே இடத்தில். ஒன்று குளியலறையில் வெந்நீர்ப் பெட்டிக்கு, இன்னொன்று படுக்கையறையில் ஏசிக்கு. குளியலறையில் சமைக்கும் அளவுக்கு இன்னும் எனக்குப் புத்தி கெடவில்லை. அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் டிரங்குப் பெட்டி, அதன்மேல் கடப்பைக் கல், கல்லின்மேல் ஓவன். அத்தான் கட்டிலில் செய்தித்தாளோடு. இதைத்தான் அவள் "அக்கா கட்டிலில் அடுப்பு மூட்டினாள்" என்று பரப்பியிருக்கிறாள்.

காய் வாங்கப் பாளை மார்க்கெட்டுக்கு நானே போனேன். நாம் படித்த காலத்தில் இங்கிலீஷ் காய் என்றால் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸோடு சரி. இப்போது பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில் குடைமிளகாய் அடுக்கியிருக்கிறார்கள். காயின் அடியில் மூன்று மேடு இருந்தால் ஆண், நான்கு இருந்தால் பெண், பெண் காய்தான் இனிக்கும் என்றார் கடைக்காரர். முப்பது வருடம் தாவரவியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? ஒரே பூவுக்குள் மகரந்தமும் உண்டு, சூலகமும் உண்டு, சூலகம் பருத்துத்தான் காயாகிறது, அப்புறம் ஆண் காய் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி டீச்சர், ஆண் வேண்டுமா, பெண் வேண்டுமா?" என்றார். நான்கு மேடு உள்ளதாகவே பத்துக் காய் பொறுக்கினேன். கட்டில் மாதிரி அசையாமல் நிற்கும் என்பதற்காகத்தான். மூன்று மேட்டுக் காய்களில் பாதி கோணல். பெண் காய்தான் வேண்டும் என்று அவர் பேச்சைக் கேட்டு நான் பொறுக்கியதாக இந்நேரம் மார்க்கெட் முழுவதும் தெரிந்திருக்கும்.

விலையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையைப் போல இரண்டு பங்குக்கு மேல். பச்சை என்பது பழுக்காத காய். செடியிலேயே விட்டுப் பழுக்க வைத்தால்தான் நிறம் ஏறும், இனிப்பும் ஏறும். அத்தனை நாள் காத்திருந்த கூலியைத்தான் நம்மிடம் வாங்குகிறார்கள். உங்கள் ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் விளைவதை நீ பார்த்திருப்பாய். மதினிக்குப் பச்சை, பிள்ளைகளுக்குச் சிவப்பு என்று பிரித்து வாங்கினேன். பேரன் காரத்துக்குப் பயந்தான். சம்பா வற்றலும் இதுவும் ஒரே இனம்தான், காரம் சுரக்கும் பண்பு மட்டும் இதற்கு இல்லாமல் போய்விட்டது என்று விளக்கினேன். அப்படியானால் இது மிளகாயே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். பாவம், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மிளகு மட்டுமே இருந்த ஊரில் ஐந்நூறு வருடத்துக்கு முன் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்கக் காய்க்கு நம்மவர்கள் மிளகின் பெயரைத்தானே ஒட்டி வைத்தார்கள்? வந்ததும் ஒட்டுப் பெயர், இப்போது அதற்கும் ஒரு குடை. குடை மாதிரி இருப்பதால் குடைமிளகாய் என்று வகுப்பில் சொல்லி வந்தவள் நான். பத்துக் காயையும் கத்தியால் குடைந்து முடித்தபிறகு, குடைவதால்தான் அந்தப் பெயர் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மானம் போய்விடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமையே தனியாக நான்கு காய் வாங்கி ஒத்திகை பார்த்தேன். பேத்தி போனில் காட்டியபடி தக்காளிச் சோறு கிளறி அடைத்து, 200 டிகிரியில் அரை மணி நேரம். இடையில் ஆறு தடவையாவது கதவைத் திறந்து பார்த்திருப்பேன். எடுத்தபோது மேலே இருந்த சோறு நொறுக்குத் தீனியாகியிருந்தது, கருகிய வாசம் வேறு. அடியில் காய் பச்சையாகவே இருந்தது. வெட்டினால் உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர், அதில் கஞ்சியாகிப் போன சோறு. பேத்தி என் முகம் வாடக் கூடாதென்று இரண்டு வாய் சாப்பிட்டாள். அத்தானுக்கு அந்தக் கரிசனம் எல்லாம் கிடையாது. செய்தித்தாளை விலக்காமலே, "நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்தால் அது ஓவன் இல்லை, ஜன்னல்" என்றார்கள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடுகடுவென்று அந்தப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, எப்படித் தூங்குவது? டார்ச் அடித்து அதன் குமிழைப் பார்த்தேன். மூன்று படம் போட்டிருந்தது. மேல் கம்பி, கீழ்க் கம்பி, இரண்டும். நான் திருப்பி வைத்திருந்தது மேல் கம்பி மட்டும்.

அப்போது உன் அம்மா நினைவு வந்தது, எஸ்தர்.

1975 டிசம்பரில் என்னை நாசரேத்துக்கு அழைத்துப் போனாயே! செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ரயில் நின்று நின்று போனது. கண்ணில் கரி விழுந்து நான் அழுதேன், நீ சிரித்தாய். அப்போது உங்கள் ஊரும் திருநெல்வேலி மாவட்டம்தான். 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது நீ வேற்று மாவட்டத்துக்காரி ஆகிவிட்டாய் என்று உனக்குக் கார்டு போட்டேனே, அது இருக்கிறதா? அந்த வீட்டுப் புறவாசலில் மூன்று கல் கூட்டி, அலுமினியச் சட்டியில் கேக் மாவை வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலை அள்ளிக் கொட்டினார்கள். கேக் என்றால் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது என்று நினைத்திருந்த எனக்கு அடுப்பே தலைகீழாகத் தெரிந்தது. "மேலே அள்ளிப் போடு, கீழே கிள்ளிப் போடு" என்று சொல்லிக்கொண்டே வெறும் விரலால் தணலை நகர்த்தினார்கள். வாசம் வந்ததும் மூடியைத் தூக்கிப் பார்க்கப் போன என் கையில் ஒரு தட்டு. "திறந்தால் கேக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்" என்றார்கள். உட்கார்ந்துவிடும் என்றால் உப்பாமல் அமுங்கிவிடும் என்று எனக்குப் புரிய எத்தனை வருடம் ஆயிற்று!

மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, நடுவில் சட்டி. உன் அம்மாவின் புறவாசலைத்தான் தகரத்தில் அடைத்து விற்கிறார்கள். அள்ளுவதும் கிள்ளுவதும் மட்டும் காய்க்கு ஏற்ப மாறும். கேக்குக்கு அடியில் சூடு மிஞ்சக் கூடாது. குடைமிளகாய்க்கோ அடியில்தான் சூடு வேண்டும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் அந்தக் காயில், அதை எங்கேயாவது போக்கியாக வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை, சோறு அடைக்காமல் வெறும் காயை முதலில் வைத்தேன். உள்ளே எண்ணெய் தடவி, வாயைக் கீழாகக் கவிழ்த்து, 180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். எடுத்தபோது தட்டில் தண்ணீர் நின்றது. அதைக் கொட்டிவிட்டு நிமிர்த்தினேன். உப்பை உள்ளே தூவச் சொல்வார்கள், கேட்காதே. உப்புப் பட்டால் இன்னும் நீர் விடும். சோற்றில் இருக்கும் உப்பு போதும்.

தக்காளிச் சோற்றைக் கைவிட்டு, நம் உளுத்தம்பருப்புச் சோற்றை அடைத்தேன். சிரிக்காதே. குடைமிளகாய்க்குப் புல் மாதிரி ஒரு பச்சை வாசம் இருக்கிறது, வறுத்த வாசம் பக்கத்தில் வந்தால்தான் அது அடங்கும். இரண்டு டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் தொலி உளுந்து, பொன்னிறமாக வறுத்தது. பத்துப் பதினைந்து பல் பூண்டு, ஒரு சிட்டிகை வெந்தயம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல். வழக்கமாக ஆறு டம்ளர் தண்ணீர் வைக்கிற இடத்தில் ஐந்துதான் வைத்தேன். கொஞ்சம் விறைப்பாக இருந்தால் காயின் சாற்றைக் குடித்து மிருதுவாகும். காயின் அடியில் ஒரு கரண்டி எள்ளுப்பொடி. துவையலாக வைக்கத்தான் நினைத்தேன், மறுபடியும் ஈரத்தைக் கூட்டுவானேன் என்று பொடியாக்கிவிட்டேன். சோற்றை அமுக்காமல் அடைத்து, மேலே நல்லெண்ணெய் விட்டு, அலுமினியத் தாளால் மூடி இருபத்தைந்து நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் தாளை எடுத்துவிட்டுப் பிள்ளைகளின் காய்களில் சீஸ், பெரியவர்களுக்குத் தேங்காய்த் துருவல்.

ஒரு தடவைக்கு ஐந்துதான் நிற்கும். இட்லி மாதிரி இரண்டு ஈடு. முதல் ஈடு ஒழுங்காக வந்தது. இரண்டாவது ஈட்டில் தாளை எடுக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மருமகள் பதறினாள். நான் கதவில் கை வைக்கவில்லை. தணல் அவிந்தபிறகும் உன் அம்மா அரை மணி நேரம் சட்டியைத் தொடவிடமாட்டார்களே! இருட்டில் எல்லாரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம் கழித்து விளக்கு வந்தது. சொன்னால் நம்பமாட்டாய், அந்த ஈடுதான் அன்று நன்றாக இருந்தது. காய் குழையாமல், தோல் மட்டும் சுருங்கி, எண்ணெய்க் கத்திரிக்காய் மாதிரி.

கத்திரிக்காய் என்றதும் மதினிக்கு வருகிறேன். எழுபத்தைந்து வயது, எண்ணெய்க் கத்திரிக்காயில் அவர்களை அடிக்க ஆள் இல்லை. "கத்திரிக்காயில் இல்லாத எது இதில் இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டேதான் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையாலேயே உடைத்து, இரண்டு தடவை எள்ளுப்பொடி கேட்டு வாங்கி, முழுவதையும் சாப்பிட்டார்கள். எழுந்து கை கழுவப் போகும்போதுதான் வாய் திறந்தது. "சோறு நன்றாக இருக்கிறது காந்தி. அதற்கு ஏன் தொப்பி போட்டாய்?"

பேத்தி வேறு குறை கண்டுபிடித்தாள். எள்ளும் சீஸும் ஒத்துப்போகவில்லை என்றாள். சரியாகத்தான் சொன்னாள், இரண்டும் கொழுப்பு, நாக்கில் மெழுகு பூசியது போல இருந்தது. அடுத்த முறை சீஸ் போடுகிற காய்க்குப் பருப்புப்பொடிதான். பேரன் மேலே இருந்த சீஸை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டுக் காயை ஒதுக்கினான். நான் விடவில்லை. ஹங்கேரியில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி என்ற விஞ்ஞானிக்கு ஒரு நாள் இரவு அவர் மனைவி இந்த இனத்து மிளகாயைச் சாப்பிடக் கொடுத்ததையும், தின்னப் பிடிக்காமல் அதை அவர் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனதையும், அதில் வைட்டமின் சி குவிந்து கிடந்ததையும், 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததையும் சொன்னேன். அவரே பின்னாளில் சொன்ன கதை அது. பேரன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அவரும் சாப்பிடவில்லைதானே ஆச்சி?" என்றான். அத்தான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சுட்ட காயில் அந்த வைட்டமின் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை.

ஊருக்கு அவர்கள் கிளம்பிப் போய் மூன்று நாளாகிறது. ஓவன் இன்னும் டிரங்குப் பெட்டி மேலேயே இருக்கிறது. பரணில் ஏற்ற ஆள் இல்லை என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். சமையலறையில் பெரிய பாயின்ட் வைக்க எலக்ட்ரீஷியனிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சட்டிக்கு அடியில், தணலுக்கும் சட்டிக்கும் நடுவில், இன்னொரு தட்டில் மணல் பரப்பியிருந்தார்கள் என்று எனக்கு ஞாபகம். சிவப்பாக இருந்தது என்றும் ஞாபகம். அது உங்கள் பக்கத்துச் செம்மணலான தேரி மண்ணா, இல்லை தணல் வெளிச்சத்தில் எனக்கு அப்படித் தெரிந்ததா? உன் தம்பியிடமும் கேட்டு எழுது. பனங்கிழங்கு நான்கு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு முன்னால் ஓசூர்ப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
காந்தி