தகரத்தைக் கழற்றுங்கள், கம்பி வேலி போதும்

பழைய விமானத் திடலின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பழைய கம்பி வேலியை எடுத்துவிட்டு நீங்கள் அடித்த தகர வேலி விஷயமாகத்தான் எழுதுகிறேன். யார் எப்போது மனு கொடுத்தார்கள், என்ன பதில் வந்தது என்பதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். போன சனிக்கிழமை நடந்தது மட்டும் அதில் இருக்காது.

அன்று காலை, கொட்டகையில் பழுதுபார்க்கும் டக்கோட்டா என்ற பழைய இரட்டை இஞ்சின் விமானத்தின் இடது இஞ்சினை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்த மாமா ஒருவர், சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிட்டார். வயது எழுபத்தெட்டு. முன்பெல்லாம் கம்பி வேலியில் விரலை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். உள்ளே வேலை செய்யும் ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் சில நாள் ஏதாவது ஒரு பாகத்தை வேலியோரம் கொண்டுவந்து, "ஐயா, இதைப் பாருங்க" என்று காட்டுவார்கள். சம்பளமில்லாத ஆலோசகர் என்று கேலி செய்வோம்.

அந்த இஞ்சினைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டமாக, இரண்டு வரிசையில் பதினான்கு சிலிண்டர். சும்மா நிற்கும்போது எண்ணெய் வடிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்துபோகும் என்பதால், முதலில் விசிறியைக் கையாலேயே பல சுற்று தள்ளிவிடுவார்கள். அப்புறம் பற்றவைத்ததும் குபுகுபுவென்று புகை. நீலமும் வெள்ளையுமாகக் கிளம்பி ஒரு நிமிடத்தில் தெளிந்தால் நல்லது, தேங்கிய எண்ணெய்தான் எரிகிறது. தெளியவே இல்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் மாமாதான்.

சனிக்கிழமை இஞ்சின் பிடித்தது. விசிறிக் காற்று புகையைத் தரையோடு பின்னால் அடித்துக்கொண்டு போய்விட்டது; தகரத்துக்கு மேலே ஒன்றும் எழவில்லை. பக்கத்து ரம்புத்தான் மரத்தில் ஒரு பையன் ஏறியிருந்தான். மாமா அண்ணாந்து, "தம்பி, புகை என்ன கலர்டா?" என்று கத்தினார். பையன் வாயைத் திறப்பதற்குள் காவலுக்கு நிற்கும் ஜாகா வந்து தடியால் மரத்தைத் தட்டினார். பையன் பதில் சொல்லாமலே இறங்கி ஓடிவிட்டான். மாமா தகரத்தில் காதை வைத்துப் பார்த்தார். இஞ்சின் அதிர்வில் தகரமே கடகடவென்று ஆடியதால் அதுவும் சரியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு சைக்கிளைத் திருப்பினார். ஜாகாவைக் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதை அவர் செய்தார்.

பாதுகாப்பு என்கிறீர்கள். சரி, சுழலும் விசிறிக்குப் பக்கத்தில் யாரும் போகக்கூடாதுதான். ஆனால் கம்பி வேலியும் ஆளைத் தடுக்கும். கண்ணைத் தடுக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி, 1935 டிசம்பர் 17ஆம் தேதி முதன்முதலில் பறந்து, பிறகு பத்தாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டு, உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு விமானத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் களவாடக்கூடிய இராணுவ இரகசியம் என்ன மிச்சமிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு என்று ஒரு திடல். 1938இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் முதலில் படைக்கு வந்து சேர்ந்த இடம். இன்று அது அருங்காட்சியகம். பழைய விமானங்களைப் பிரித்துப் போட்டு வேலை செய்யும் கொட்டகைக்குள்ளேயே பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். நாங்கள் உள்ளே விடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தகரத்தின் வெளிப்பக்கம் அழகாகப் பெயின்ட் அடித்து, உள்ளே இருக்கும் விமானத்தின் படத்தையே வரைந்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் இருக்கிறது. டக்கோட்டாவுக்குச் சின்னச் சக்கரம் வாலில்தான், ஐயா. படம் வரைந்தவருக்கும் உள்ளே பார்க்க அனுமதி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கலாம். எங்களுக்கு இது பழகிய கதை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்ற வீடமைப்பு வந்தது, ஒவ்வொரு முறையும் முதலில் வந்தது தகர வேலிதான். 1965இல் சுபாங் விமான நிலையம் திறக்கும் வரை தலைநகர் கோலாலம்பூரின் விமான நிலையமாக இருந்த சுங்கை பெசியே 2018இல் மூடப்பட்டது. எங்கள் திடல் எம்மாத்திரம் என்று பயம் வருமா, வராதா? மாமா தோட்டத்து லயத்து வீட்டில் சிறுவனாக இருந்த, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசர காலத்தில் (1948–60), ஒலிபெருக்கி கட்டிய டக்கோட்டா தோட்டத்துக்கு மேலே சுற்றுமாம். காட்டில் இருப்பவர்களைச் சரணடையச் சொல்லும் குரல் காற்றில் துண்டு துண்டாக வந்து விழுமாம். அந்த நாளில்கூட அண்ணாந்து பார்க்காதே என்று அவரை யாரும் விரட்டவில்லை.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: கொட்டகைக்கு நேராக உள்ள இருபதடித் தகரத்தைக் கழற்றிவிட்டு, பழைய கம்பி வேலியை மாட்டுங்கள். அந்தக் கம்பிச் சுருள் இன்னும் உங்கள் ஸ்டோருக்குப் பின்னால் மழையில்தான் கிடக்கிறது. புதிதாக வாங்க வேண்டாம். மாட்ட ஆள் இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே வந்து மாட்டித் தருகிறோம். தேநீர்கூட வேண்டாம்.

அடுத்து வலது இஞ்சினை ஓட்டுவார்கள் என்று கேள்விப்பட்டோம். அதற்கு முன்பாகச் செய்து தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை வந்த புகை என்ன கலர் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், அதையும் ஜாகாவிடம் சொல்லி அனுப்புங்கள். மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வேலிக்கு வெளியே நிற்பவர்களில் ஒருவன்