பென்ஷன் வந்தவர்களுக்கு ஒரு களம்: நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், சென்னை, பெங்களூரு, துபாய் என்று பிழைக்கப் போயிருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் களம் சீரமைப்புக் குழுவின் வணக்கம்.

வேலூர் மாவட்டத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே கூப்பிடுகிறார்கள். நம்ம ஊரிலும் தெருவுக்கு நாலு பேர். பத்தொன்பது வயதில் டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் ரயில் ஏறி, நீலகிரி வெலிங்டன் ராணுவ முகாமில் பயிற்சி முடித்து, பனியிலும் மணலிலும் 17 வருஷம் நின்றுவிட்டுத் திரும்பும்போது அவருக்கு வயது 36தான். "பென்ஷன் வந்துட்டார்" என்று சொல்லிவிட்டு நாம் நம்ம வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த மனிதர் மீதி நாளை எப்படிக் கழிப்பார் என்று ஊர் கேட்டதே இல்லை.

மேலத்தெருவில் ஒருவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். காலை நாலரைக்கு எழுவார். போர்வையை முனைக்கு முனை சேர்த்து மடித்து வைப்பார். சவரம் முடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, பழைய பனியன் துணியால் தேய்த்து மாட்டிக்கொள்வார். ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். போக இடமில்லை. தீபாவளிக்கு முதல் சரம் வெடித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிள்ளைகள் சிரிக்கும். ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதது நம்ம தப்பு.

உடம்புக்கு வந்தால், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக் இருக்கிறது. 2003லிருந்து அந்தத் திட்டம் நடக்கிறது. ஆனால் மாலை ஆறு மணித் தனிமைக்கு அங்கே மாத்திரை கிடையாது. அந்த நேரத்தில் மிலிட்டரி கேன்டீன் மது பாட்டிலைத் திறந்தவர்களின் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

போன ஆடியில், நெல் அறுப்பு மெஷின் வந்தபிறகு சும்மா கிடக்கும் ஏரிக்கரைக் களத்தில் முள்ளை வெட்டி ஒரு வாலிபால் வலை கட்டினோம். முதல் நாள் பென்ஷன் வந்தவர்கள் ஆறு பேர் வந்தார்கள். இப்போது இரண்டு அணிக்கு மேல் ஆள் மிச்சம். ஆள்சேர்ப்புக்குப் போகிற பையன்களுக்கு 1600 மீட்டர் ஓட்டமும், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டலும் அவர்களே பழக்குகிறார்கள். விசில் ஊதுவது யார் தெரியுமா? அந்த மேலத்தெருக்காரர்தான். பாலிஷ் போட்ட ஷூ இப்போது தினமும் புழுதியாகிறது.

1987இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போன ஒரு பெரியவரும் வருகிறார். தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசும் சிப்பாயாகத் துப்பாக்கியோடு நின்றவர். இத்தனை வருஷத்தில் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் வலையை அவிழ்த்துச் சுருட்டும்போது, கூட இருந்த இரண்டு பேரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மழை வந்தால் இதெல்லாம் நின்றுபோகிறது; இருட்டினால் கலைந்துபோகிறது. அதனால்தான் கேட்கிறோம். தகரக் கொட்டகையும் சிமென்ட் தளமும் போட 2,40,000 ரூபாய். விளக்குக் கம்பம், வலை, பந்துக்கு 55,000. ஓரமாகக் காய்கறித் தோட்டம் போட, மோட்டாரோடு சேர்த்து 45,000. மாதம் இருமுறை மனநல ஆலோசகர் ஒருவர் வந்துபோக வருஷத்துக்கு 80,000. ஆக 4,20,000. ஓய்வுபெற்றவர்களே தங்கள் பென்ஷனிலிருந்து போட்டதையும் சேர்த்து 1,35,000 கையில் இருக்கிறது. மீதி 2,85,000 வேண்டும்.

கொட்டகையில் ஒரு மூலை பெண்களுக்கு. குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாக்கள் வாழ்வுச் சான்றுக்காக வருஷா வருஷம் டவுனுக்கு அலைவதை அங்கேயே ராணுவ பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் பதிந்து முடித்துவிடலாம். படித்த பிள்ளைகள் இருவர் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளன்று உண்டியலில் போடுகிறீர்கள். அதை நிறுத்த வேண்டாம். இது நம்ம தெருக்காரருக்கு, தனியாக.

நூறு ரூபாயானாலும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வரவு செலவு ஞாயிறுதோறும் நூலகச் சுவரில் ஒட்டப்படும். பணம் கொடுக்க முடியாதவர்கள் காணும் பொங்கலுக்கு மறுநாள் மண்வெட்டியோடு வாருங்கள். அன்றைக்குத்தான் கடைக்கால் தோண்டுகிறோம்.