எரகான் படம் பற்றி எங்கள் நூலக உறுப்பினர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாகக் குடியிருப்பு வாட்ஸப் குழுக்களில் சுற்றிவரும் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள், எனக்கே மூன்று பேர் அனுப்பிவைத்தார்கள். கோடை விடுமுறை வாசிப்பு வட்டத்துக்கு நாங்கள் கொடுத்த, ஒரு சிறுவனும் அவன் வளர்க்கும் டிராகனும் பற்றிய எரகான் என்ற ஆங்கில நாவலின் படத்தை வீட்டில் பார்த்த ஒரு பெற்றோர், இந்தக் கதையையா பிள்ளைகளுக்கு ஐந்து வாரம் படிக்கக் கொடுத்தார்கள், பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதன்பின் நான்கு பிரதிகள் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டன.

முதலில் என் தவறு. பாதிப் புத்தகம் வந்ததும் வீட்டில் படத்தைப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னது நான்தான். நாவலைப் படித்திருந்தேன், படத்தைப் பார்த்திருக்கவில்லை. நானும் உங்களோடு அதே வாரம்தான் பார்த்தேன். பிள்ளைகள் முகம் வாடி வந்து நின்றதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் படிக்காமல் கொடுக்கிறார்கள் என்ற அந்த ஒரு வரியை என்னால் தாங்க முடியவில்லை. இந்த நாவலை என் மகளுக்காக ஒருமுறை படித்தேன், இந்த வட்டத்துக்காக மார்ச் மாதம் மறுபடியும் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். ஊர்ப் பெயர்கள் குழப்பும் என்று தெரிந்ததால்தான் சுவரில் அந்தப் பெரிய வரைபடத்தை ஒட்டிவைத்தோம். பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த இடம் கனமாக இருக்கும், எந்தச் சாவு அழவைக்கும் என்று குறித்துவைத்த நோட்டு இன்னும் மேஜையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பிள்ளைகள் பிரிவில் நாங்கள் படிக்காத ஒரு புத்தகம்கூட அலமாரிக்குப் போவதில்லை. அப்படிப் படித்துப் பார்க்கும் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த தங்கை திருமணமாகி வேறு ஊர் போய்விட்டதால் ஏப்ரலிலிருந்து புதுப் புத்தகங்கள் வருவது தாமதமாகிறது என்றால், அதுவும் இந்த வழக்கத்தால்தான்.

சரி, படத்துக்கு வருகிறேன். சுமார் 500 பக்க நாவலை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அடக்கப் பார்த்தார்கள். 2006 டிசம்பரில் வந்த படம். இயக்கிய ஸ்டெஃபென் ஃபாங்மையர் காட்சி விளைவுகளில் கைதேர்ந்தவர், இயக்குநராக இதுதான் அவருக்கு முதல் படம். டிராகன் பறப்பது அழகாகத்தான் இருக்கிறது. எரகானுக்கு வழிகாட்டும் ப்ராம் கிழவராக ஜெரமி அயர்ன்ஸ் வரும் இடங்களும் எனக்குப் பிடித்திருந்தன.

நாவலின் உயிரே வேறு இடத்தில் இருக்கிறது. எரகான் குட்டி டிராகனைக் காட்டில் ஒளித்துவைத்து மாதக்கணக்கில் வளர்க்கிறான். பெயர் வைக்கப் பார்க்கிறான், ஆண் பெயராகச் சொல்லிச் சொல்லி அது எல்லாவற்றையும் மறுத்த பிறகுதான் அது பெண் என்று அவனுக்கு உறைக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் கைதட்டினார்கள். படத்தில் குட்டி மேலே பறக்கிறது, மின்னல் வெட்டுகிறது, இறங்கும்போது முழு டிராகன்! வளர்த்த பாசமே இல்லாமல் கடைசிப் போரில் அதற்கு அடிபட்டால் யாருக்கு வலிக்கும்? கதையின் நாயகி ஆர்யாவுக்குக் கூர்மையான காதுகூட இல்லை, அவள் மனிதப் பெண் இல்லை, எல்ஃப் என்ற மாய இனத்தவள் என்பதே படம் மட்டும் பார்த்தவர்களுக்குப் புரியாது.

இதைவிடப் பெரிய குறை, இந்த நாவல் தொடரின் கதை இழைகளை அவர்களே அறுத்துவிட்டது. ராஸாக் என்ற அந்தப் பயங்கரப் பிறவிகள் நாவலில் தப்பித்துப் போகும், பின்வரும் பாகங்களில் அவற்றுக்குப் பெரிய வேலை இருக்கிறது. படத்தில் பாதியிலேயே கொன்றுவிட்டார்கள். மூலிகை வைத்தியம் பார்க்கும் சூனியக்காரி ஏஞ்சலா ஒரே ஒரு காட்சியில் வந்து போகிறாள், அவளோடு இருக்கும் சோலம்பம் என்ற மாயப்பூனை படத்திலேயே இல்லை. அந்தப் பூனை எரகானிடம் சொல்லும் இரண்டு வாக்குகள்தான் நான்காம் பாகம் வரை கதையை இழுத்துப் போகின்றன. படத்தின் தொடர்ச்சி வரவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் புத்தகம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கிறீர்கள். கிறிஸ்டோபர் பவோலினி இதை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 15 வயது, அமெரிக்காவின் மொன்டானாவில் வீட்டிலேயே படித்த பையன். 2002இல் பெற்றோரே சொந்தமாக அச்சிட்டார்கள். பழங்கால உடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம், நூலகம் என்று ஏறி இறங்கிப் பேசித்தான் விற்றார். அடுத்த வருடம்தான் பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. நம் வட்டத்தில் கதை எழுதும் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

அந்தச் செய்திக்குக் கீழே, எங்கள் வீட்டுப் பிள்ளை இங்கேதான் படிக்கப் பழகினான் என்று பதில் போட்டவர்களுக்கும், ஒன்றும் பேசாமல் வழக்கம்போல சனிக்கிழமை வந்து புத்தகம் மாற்றிப் போனவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதினொரு வருடமாக நீங்கள்தான் இந்தக் கதவைத் திறந்துவைத்திருக்கிறீர்கள். கடை வாடகை கூடியிருப்பதால் அடுத்த மாதத்திலிருந்து மாதச் சந்தா 250 ரூபாய் என்பது 300 ஆகிறது. வாசிப்பு வட்டத்துக்கு எப்போதும் போலக் கட்டணம் இல்லை.

இனி எந்தப் படத்தையும் நாங்கள் முதலில் பார்க்காமல் சொல்ல மாட்டோம். படப் பேச்சுக்கு வர முடியாமல் போன பிள்ளைகளுக்காக வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மறுபடி உட்காருகிறோம், பெற்றோர்களும் வாருங்கள், அந்தச் செய்தியை எழுதியவரும் வந்தால் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

அப்புறம், திரும்பி வந்த நான்கு பிரதிகளிலும் பிள்ளைகள் விட்ட இடத்தில் பக்கக் குறி இருக்கிறது. ஒன்று டெய்ர்ம் நகரத்துக்கு இரண்டு பக்கம் முன்னால், பூனை வரப்போகும் இடம். எதையும் எடுக்கவில்லை, தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். வந்து கேட்டால் போதும், தாமதக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் நூலகத்திலிருந்து