கேஷுவாலிட்டியில் பணிபுரிவோரின் மனநலம் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில், நாங்கள் இன்றும் கேஷுவாலிட்டி என்றே சொல்லும் இடத்தில், 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஊதியத்துக்காகவோ இடமாறுதலுக்காகவோ இம்மடலை எழுதவில்லை. பணி முடிந்த பின்னும் எங்களோடு வீடு வரை வந்துவிடும் துயரத்தை இறக்கிவைக்கப் பணியிடத்திலேயே ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

2008இல் 108 ஊர்தி வந்தது. நோயாளிகளை அவர்கள் நிலையின் தீவிரத்துக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து உடனே கவனிக்கும் முறை அதன் பின்னர் வந்தது. 2021 டிசம்பரில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றால் பிழைத்து வீட்டுக்கு நடந்து போனவர்களை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆனால், முன்பு சாலையோரத்திலேயே உயிர் பிரிந்திருக்கக்கூடியவர்கள் இப்போது எங்கள் மேசை வரை வந்து சேர்கிறார்கள். அவர்களுள் சிலர் எங்கள் கைகளிலேயே இறந்தும் போகிறார்கள்.

விபத்தைவிட என்னை அதிகம் உலுக்குவது எலி பேஸ்ட். அதிலுள்ள மஞ்சள் பாஸ்பரஸுக்கு மாற்று மருந்து கிடையாது. அதைத் தின்றவர் முதல் ஓரிரு நாள் தெளிவாகப் பேசுவார், பசிக்கிறது என்பார், செய்தது தவறு என்று அழுவார். கல்லீரல் அதன் பிறகுதான் செயலிழக்கத் தொடங்கும். வீட்டுச் சண்டையில் அதைத் தின்றுவிட்டு வந்த இளம்பெண் ஒருத்தி, வார்டுக்கு மாற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்கல்ல?" என்று கேட்டாள். நான் தலையசைத்தேன். நான்காம் நாள் மாலைப் பணிக்கு வந்தபோது அவளுடைய தாயார் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கடந்துதான் உள்ளே போனேன், கையொப்பமிட்டேன், ஊசி போட்டேன். அந்தத் தலையசைப்பைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை. பேசுவதற்கென்று ஓர் ஆள் எங்கள் பணியிடத்தில் இல்லை.

என் நிலையாவது பரவாயில்லை. உயிரற்ற நிலையில் கொண்டுவரப்பட்ட குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்பவர் மருத்துவமனைப் பணியாளர். தரையில் தேங்கிய இரத்தத்தைக் கழுவுபவர் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். மனநலம் பற்றிய கூட்டங்களுக்கு இவர்களை யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை.

14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்ற தொலைபேசி மனநலச் சேவை இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது நல்ல சேவை; நானே நோயாளிகளின் உறவினர்கள் பலருக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் உதவி மிகவும் தேவைப்படும் நிலையில் இருப்பவர் தானாக அழைப்பதில்லை, அதிலும் பிறருக்கு ஆறுதல் சொல்வதையே வேலையாகக் கொண்டவர் அழைப்பதேயில்லை. எங்கள் மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம் என்றால், அங்கே சீட்டு எழுதுபவரும் தெரிந்தவர், வரிசையில் நிற்பவர்களும் நாங்கள் பார்த்த நோயாளிகள். தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியருக்கோ, இது தெரிந்தால் பணி நிரந்தரம் தள்ளிப்போகுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உரிமையாகவே தந்திருக்கிறது. பணிப்பதிவேட்டிலோ ஆண்டு மதிப்பீட்டிலோ இது ஒருபோதும் இடம்பெறாது என்று துறையே எழுத்தில் சொன்னால்தான் அந்த உரிமையை நாங்கள் நம்பிப் பயன்படுத்த முடியும்.

ஆகவே நாங்கள் வேண்டுவது இது: மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் ஒருவர், எங்கள் மருத்துவமனையின் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாதவராக, இயன்றால் பக்கத்து மாவட்டத்தைச் சேர்ந்தவராக, மாதம் இருமுறையேனும் எங்கள் பிரிவுக்கு வர வேண்டும், அவரோடு பேசும் நேரம் பணிநேரமாகவே கணக்கிடப்பட வேண்டும், துப்புரவுப் பணியாளர், காவலர் உட்பட அனைவருக்கும் அது பொருந்த வேண்டும். துயர நிகழ்வு நடந்த அன்றே எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து நடந்ததைக் கட்டாயமாகச் சொல்லவைக்கும் முறையைத் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். அத்தகைய ஒருமுறை அமர்வு பின்னாளைய மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியிருக்கிறது. அன்று எங்களுக்குத் தேவைப்படுவது பத்து நிமிட ஓய்வும், அதுவரை எங்கள் இடத்தில் நிற்க மாற்றாள் ஒருவரும், பிறகு வரும் வாரங்களில் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்கும் ஒரு மனிதரும்தான்.

பாதுகாப்பும் இதனோடு சேர்ந்ததே. மருத்துவமனை வன்முறைத் தடுப்புச் சட்டம் 2008 முதல் இருந்தும், 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்டார். தாக்கப்பட்டவரிடம் புகாரை எழுதி வாங்கிவிட்டு, மறுநாள் அதே இடத்தில் பணிக்கு நிறுத்தும் வழக்கமாவது மாற வேண்டும்.

பணிநேரம் குறையாமல் எந்த ஆலோசனையும் உள்ளே இறங்காது. பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று மத்திய அரசு 1992இலேயே நெறிமுறை வகுத்தது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்போ 74 மணி நேரம். எங்களோடு இரவு முழுவதும் நிற்கும் அந்தப் பிள்ளைகளின் கண்களைப் பார்க்கும்போது, 74 என்பதே அவர்களுக்கு ஆறுதலான எண்ணாக இருக்கும் நிலை எனக்கு வேதனையளிக்கிறது.

ஏதேனும் ஒரு மாவட்டத்தில் முதலில் இதைத் தொடங்கலாம். அதற்கான ஆணையை வரையும்போது எங்களையும் அழையுங்கள். இரவுப் பணி முடித்த காலையானாலும் நாங்கள் வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர்