எக்சர்சைஸ் என்று சொல்லாதே அக்கா

பெர்த்,
ஜனவரி மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லோரும் நலம்தானே? அப்பாவுக்குச் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி. போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் வீட்டில் போன் வந்தால் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச்சு. இதை உன்னிடம் மட்டும், இடையில் யாரும் புகாமல், முழுசாகச் சொல்ல வேண்டும்.

டிசம்பரில் நான் மேடையில் போல் டான்ஸ், அதாவது கம்ப ஆட்டம், ஆடிய வீடியோ நம் சொந்தக்காரர்கள் கையில் எல்லாம் சுற்றியிருக்கிறது என்றாய். பெரியம்மா கேட்டதற்கு, "அது ஜிம்முல செய்யற எக்சர்சைஸ் பெரியம்மா, முதுகு வலிக்கு நல்லதாம்" என்று சமாளித்தாயாம். எனக்காகத்தான் சொன்னாய், தெரியும். நீ இல்லாவிட்டால் அம்மாவை இன்னும் எவ்வளவு கேட்டிருப்பார்களோ. ஆனால் அக்கா, அது எக்சர்சைஸ் இல்லை, ஆட்டம். பாட்டு கேட்டு, அடவு சேர்த்து, ஒப்பனை போட்டு, ஆட்கள் பார்க்க ஆடினேன். அதை வேறு ஏதோ என்று சொல்லி என்னைக் காப்பாற்றினால், நான் செய்ததில் மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும்.

இங்கே என் வாழ்க்கை எப்படி என்று உனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறரைக்கு ஷிஃப்ட் தொடங்கினால் மாலை வரை குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது, நடக்கப் பழக்குவது. அந்தப் பாட்டிகள் தாத்தாக்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டு, வேலையில் குறை இல்லை. ஆனால் நாள் முழுக்க என் கையும் இடுப்பும் மற்றவர்களுக்காகவே அசைகின்றன. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் தெருவில் ஆளே இருக்காது. கடைகளையும் சீக்கிரம் சாத்திவிடுவார்கள். வீட்டுக்கு வந்து, ரசம் வைத்து, உங்களுக்குப் போன் செய்து, படுத்துவிடுவேன். கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்திதான் இதைப் பார்த்துவிட்டு, "வா, ஒரு நாள் என்னோடு வந்து பார்" என்று கூட்டிப்போனாள்.

ஸ்டூடியோ ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருக்கிறது. தரையிலிருந்து கூரை வரை வரிசையாகக் கம்பங்கள், ஒவ்வொன்றும் 45 மில்லிமீட்டர் தடிமன், என் கைப்பிடிக்குச் சரியாக அடங்குகிறது. சில கம்பங்கள் அசையாமல் நிற்கும். சிலவற்றில் உள்ளே பேரிங் இருப்பதால் நாம் ஏறினால் கம்பமே சுழலும். போட்டிகளில் இரண்டும் வைப்பார்கள், இரண்டிலும் ஆடிக் காட்ட வேண்டும். சுழல்கிற கம்பம்தான் எனக்குப் பிடித்தது. காலையும் கையையும் உடம்போடு ஒடுக்கினால் வேகம் ஏறும், விரித்தால் தணியும். காலப்பிரமாணத்தை நம் உடம்பே வைத்துக்கொள்கிறது. நீ ஒருநாள் அதில் நின்றால் உடனே புரிந்துகொள்வாய்.

பெரியம்மாவுக்கு உறுத்துவது உடைதான் என்று தெரியும். அதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். கம்பத்தில் நம்மைத் தாங்குவது தோல். முழங்காலின் பின்மடிப்பு, தொடையின் உள்பக்கம், அக்குள், இடுப்பின் பக்கவாட்டு, இவை வெறும் தோலாக உலோகத்தில் பட்டால்தான் பிடிக்கும். துணி இடையில் வந்தால் வழுக்கி, தலைகீழாக இருக்கும்போது நேரே தரைக்கு வந்துவிடுவோம். அதனால்தான் குட்டை டிராயர். க்ரீம் பூசிக்கொண்டு வரக்கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்த அன்று நான் வகுப்புக்கே போவதில்லை, பின்னல் பட்டால்கூடக் கம்பம் கெட்டுவிடும். ஒருவர் ஆடி முடித்ததும் அடுத்தவருக்காக ஸ்பிரிட் நனைத்த துணியால் மேலிருந்து கீழ் வரை துடைத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் உலோகம் சில்லென்று இருக்கும், தோல் காய்ந்து பிடிக்காது. கோடையில் நாற்பது டிகிரி, கையெல்லாம் வேர்வை. சாயங்காலம் கடல்காற்று வந்து அறை குளிர்ந்த பிறகுதான் கடினமானவற்றைத் தொடுவோம்.

முதலில் சொல்லிக்கொடுத்தது ஃபயர்மேன் ஸ்பின். ஒரு கை மேலே, ஒரு கை கீழே பிடித்து, வெளிக்காலை வீசி ஒரு வட்டம் எடுத்து, இரண்டு முழங்காலாலும் கம்பத்தைப் பற்றிச் சுற்றி இறங்குவது. அதற்குப் பிறகு ஏறுவது. இவையெல்லாம் கொஞ்ச நாளில் வந்துவிட்டன. தலைகீழாகத் திரும்பும் இன்வர்ட்தான் மாதக்கணக்கில் இழுத்தது. மார்புக்கு நேராகக் கம்பத்தை இறுக்கிப் பிடித்து, பின்னால் சாய்ந்து, இடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி, இரண்டு காலையும் அகல விரிக்க வேண்டும். தரையை உதைத்து எழும்பக்கூடாது. மெதுவாக, அடிவயிற்றின் பலத்தில் மட்டும் எழும்ப வேண்டும். எழும்பிய பிறகு ஒரு முழங்காலைக் கம்பத்தில் மடித்துக் கொக்கியாக மாட்டி, ஒரு கையை விட்டு, பிறகு மற்ற கையையும் விட வேண்டும். மாட்டிய இடத்தில் உயிர் போகிற வலி. மறுநாள் அங்கே கத்திரிப்பூ நிறத்தில் கன்றிப்போயிருக்கும். சில வாரங்களில் தோல் பழகிவிடுகிறது. முதல் முறை இரண்டு கையையும் விட்டுத் தொங்கியபோது, என் முழு எடையையும் அந்த ஒரு கால்மடிப்பு தாங்கிக்கொண்டிருந்தது. யாரும் என்னைப் பிடித்திருக்கவில்லை. நானே என்னைப் பிடித்திருந்தேன்.

வகுப்பில் எல்லா வயதும் உண்டு. பேரக்குழந்தை எடுத்த அம்மா ஒருவர் வருகிறார். பில்பரா இரும்புச் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று இருக்கிற ஆண் ஒருவர், வீட்டில் இருக்கும் வாரத்தில் ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. இந்த ஊர்க்காரி ஃபெலிக்ஸ் கேன் 2009, 2010 இரண்டு ஆண்டும் உலகப் போட்டியில் பட்டம் வாங்கியவள். மைக்கேல் ஜாக்சன் பாடல்களை வைத்து சர்க் டு சொலெய் என்ற சர்க்கஸ் குழு போட்ட பெரிய நிகழ்ச்சியில் கம்பத்தில் ஆடியவளும் அவள்தான். டெப் ரோச் என்று இன்னொரு ஆஸ்திரேலியப் பெண், ஒரு கை இல்லாதவர், 2012இல் மாற்றுத்திறனாளிகள் பிரிவில் உலகப் பட்டம் வாங்கினார். மோவாய், கழுத்து, தோள் எல்லாவற்றையும் அவர் பிடியாக்கிக்கொள்வதைப் பார். இன்வர்ட் வராமல் சோர்ந்திருந்த நாட்களில் அவர் வீடியோக்களைத்தான் போட்டுப் பார்த்தேன்.

இனி உன்னிடம் சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஸ்டூடியோக்காரர்கள் சிலர் சீன சர்க்கஸ் கம்பத்தைச் சொல்வார்கள், நம் மல்லர் கம்பத்தைச் சொல்வார்கள். இரண்டும் இதற்கு உறவுதான். ஆனால் நான் ஆடுகிற இந்த வடிவம், இந்தச் சுழற்சிகள், நடை, உயரச் செருப்பு, தரையில் உருண்டு எழும் அசைவுகள், எல்லாம் மதுக்கூட கிளப்புகளில் உடை களைந்து ஆடிப் பிழைத்த பெண்கள் கண்டுபிடித்தவை. 1990களில் கனடாவில் ஃபானியா மான்டே என்ற பெண், கிளப்பில் ஆடியவர், வெளிப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் ஸ்டூடியோக்கள், போட்டிகள், சங்கங்கள் எல்லாம். 2017இல் சர்வதேச விளையாட்டுக் கூட்டமைப்பு கம்ப விளையாட்டுக்கான உலகச் சங்கத்துக்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. ஒலிம்பிக்ஸ் வரை கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கூட்டம் உழைக்கிறது. என் டீச்சரும் பல வருஷம் கிளப்பில் ஆடியவர்தான். வகுப்பில் மறைக்காமல் சொல்வார். அந்த உயரச் செருப்பில் எப்படி எடையை வைப்பது, பார்க்கிறவர் கண்ணை எப்படி எதிர்கொள்வது என்பதெல்லாம் அவர் அங்கே, இரவு இரவாக நின்று கற்றவை.

சில வருஷங்களுக்கு முன், பொழுதுபோக்காகக் கற்கும் பெண்கள் இணையத்தில் தங்கள் படங்களைப் போட்டு "நான் கிளப்பில் ஆடுகிறவள் இல்லை" என்று அடியில் எழுதிக்கொண்டார்கள். கிளப்பில் ஆடும் பெண்கள் பொங்கிவிட்டார்கள். எங்கள் அடவு வேண்டும், நாங்கள் வேண்டாமா என்று கேட்டார்கள். அக்கா, இதைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நம் ஊரில் கோயில் பெண்கள் ஆடிவந்த சதிருக்கு, இன்று பரதநாட்டியம் என்கிறோமே அதற்கு, நடந்ததை நீதானே எனக்குச் சொன்னாய்? 1935இல் ருக்மிணி தேவி அடையாறில் மேடையேறியதைக் கொண்டாடுகிறோம். அவருக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்த மயிலாப்பூர் கௌரி அம்மாளை எத்தனை பேருக்குத் தெரியும் என்று நீ கேட்பாய். 1947இல் சட்டம் வந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடுவதை நிறுத்தியது நியாயம்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஆட்டம் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆகிவந்தபோது, தலைமுறை தலைமுறையாக அதை ஆடி வைத்திருந்த பெண்கள் மேடைக்கு வெளியே நின்றார்கள். கோயிலும் கிளப்பும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. அடவை எடுத்துக்கொண்டு ஆடியவளைத் தள்ளிவைப்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. அதனால்தான் "எக்சர்சைஸ்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய எனக்கு மனம் வரவில்லை. ஒளிந்தால் என் டீச்சரை வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே வந்ததாகிவிடும்.

மல்லர் கம்பம் என்றதும் ஞாபகம் வருகிறது, உன் பெரியவள் இன்னும் மைதானத்துக்குப் போகிறாளா? வயதுக்கு வந்துவிட்டாள், இனி நிறுத்திவிடலாமா என்று மாமா யோசிப்பதாகச் சொன்னாயே. வேண்டாம் அக்கா. விழுப்புரம் மாதிரி மல்லர் கம்பத்துக்குப் பேர் போன ஊரில் பிறந்துவிட்டு அதை விடுவதா? அவள் ஏறுவது தேக்குக் கம்பம், விளக்கெண்ணெய் தடவியது. எண்ணெய் ஒரு சொட்டு பட்டாலே நாங்கள் இங்கே அலறுவோம், அவள் எண்ணெயிலேயே நின்று ஆசனம் போடுகிறாள். போன தடவை நீ அனுப்பிய வீடியோவை என் டீச்சரிடம் காட்டினேன். கம்பத்தின் உச்சியில் அவள் வயிற்றை மட்டும் ஊன்றிக் கையையும் காலையும் விரித்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

மேடையில் நான் ஆடியது மூன்று நிமிஷம்தான். அது மாணவர்களுக்கான ஆண்டு நிகழ்ச்சி. மற்றவர்கள் எல்லாம் ஆங்கிலப் பாட்டு வைத்திருந்தார்கள். நான் தவில் தனி வைத்தேன். அசையாத கம்பத்தில் ஆரம்பித்து, மெதுவாக ஏறி, தவில் இரண்டாம் காலத்துக்கு வரும்போது சுழல் கம்பத்துக்கு மாறினேன். பத்தாம் வகுப்போடு நீயும் வாத்தியாரும் திட்டத் திட்ட நான் விட்டுவந்த நாட்டியத்தின் தாளம் எல்லாம் உடம்பில் அப்படியே இருந்தது. தாளம் தொடங்கும் சமம் எங்கே விழும் என்று யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போய் விழுந்தது. வீடியோவில் அந்தச் சத்தம் சரியாகப் பதியவில்லை. பெரியம்மா பார்த்தது ஒலியை அடைத்துவைத்து என்றால் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மறுபடி கேட்டால் ஒலியோடு போட்டுக் காட்டு. "தங்கச்சி ஆடுறா" என்று சொல், போதும். அம்மாவிடம் நான் வந்து நேரில் பேசிக்கொள்கிறேன். சித்திரையில் லீவு கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த நிகழ்ச்சி ஜூனில். அதற்கு நீ எனக்கு ஒரு ஜதி கோத்துத் தருவாயா? ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபுவில், உன் குரலில், தாளம் தட்டி நட்டுவாங்கத்தோடு. பிள்ளைகள் தூங்கிய பிறகு போனில் பதிந்து அனுப்பினால்கூடப் போதும், மூன்று நிமிஷத்துக்குள் இருக்கட்டும். ஆரம்பம் மெதுவாக, விளம்பத்திலேயே இருக்கலாம், ஏறுவதற்கு எனக்கு நேரம் வேண்டும். நடுவில் இன்வர்ட் வரும் இடத்தில் சொற்களை நெருக்காதே, அங்கே மூச்சு விடவே இடம் இருக்காது. சுழல் கம்பம் நினைத்தவுடன் நிற்காது, காலை விரித்து வேகத்தை அடக்கி நிறுத்த ஒன்றரைச் சுற்று ஆகும். அதனால் முடிக்கிற கடைசி அறுதிக்கு முன்னால், சொல் இல்லாத இடைவெளியாக ஒரு கார்வை நீளமாக விடு.

அன்புடன்,
உன் தங்கை