சாயம் பூசுவதற்கு முந்தைய நாள்

தொண்டியிலிருந்து கீழக்கரை வரை, பாம்பன் தீவின் ஊர்களையும் சேர்த்து, சலூன் நடத்தும் அண்ணன் தம்பிகளுக்கும் அழகு நிலையம் நடத்தும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். கத்தரி பிடிப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. கிண்ணத்தில் நீங்கள் கலக்கும் சரக்கைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில் கல்யாணமும் காதுகுத்தும் அடுத்தடுத்து வரும்; டை அடிக்க உங்கள் நாற்காலிகளில் ஆள் மாற்றி ஆள் உட்காருவார்கள். அதற்கு முன்பாக ஒரு வேண்டுகோள். டை அடிக்க வருகிறவரை முந்தைய நாளே ஒருமுறை வரச்சொல்லி, ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கக் காதுக்குப் பின்னால் துளி டை தடவி அனுப்புங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். டையின் முதன்மைச் சரக்கு பாரா-பினைலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி. முடிச்சாயமாக இதற்குப் பிரான்சில் காப்புரிமை வாங்கியது 1883இல். அன்றிலிருந்து இன்றுவரை நிலைத்த கறுப்புக்குப் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது இது சாயமே அல்ல. நிறமில்லாத சின்ன மூலக்கூறு. சின்னதாக இருப்பதால்தான் முடிக்குள் நுழைகிறது. அமோனியா முடியின் மேற்செதில்களைத் தூக்கி வழி விடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பக்கம் முடியின் இயற்கை நிறத்தை வெளுக்கிறது, மறுபக்கம் பிபிடியை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. அப்படி மாறிய பிபிடி, ரெசார்சினால் போன்ற துணைச் சரக்குகளோடு கோத்துக்கொண்டு பெரிய நிற மூலக்கூறாகிறது. கூட்டுக்குள் குஞ்சாகப் புகுந்து அங்கேயே பெருத்துவிட்ட நண்டு போல, பிறகு அதனால் வெளியே வர முடியாது. ஷாம்பு போட்டாலும் கறுப்பு நிற்பது இதனால்தான்.

வினை முழுதாக முடிந்த கறுப்பால் பெரிய தொல்லையில்லை. வினையில் சேராமல் மிஞ்சிய பிபிடியும், பாதி வழியில் நிற்கும் பொருட்களும்தான் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று ஒருநாள் குறித்து வைத்துக்கொள்கிறது. குறித்த பிறகு மறப்பதேயில்லை. “பத்து வருஷமாக இதே டைதான், எனக்கு ஒன்றும் ஆகாது” என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறாரே, அவரைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஒவ்வாமை பழகப் பழகத்தான் வருகிறது. வெயிலில் டை சீக்கிரம் வெளிறுவதால் கடலுக்குப் போகிறவர் அடிக்கடி அடித்துக்கொள்கிறார். தோல் அந்தச் சரக்கைச் சந்திக்கும் தடவைகளும் அவருக்கு அதிகம்.

“அமோனியா இல்லாதது” என்று பாக்கெட்டில் இருந்தால் நிம்மதி வேண்டாம். அமோனியாவுக்குப் பதில் பெரும்பாலும் எத்தனாலமைன் இருக்கும். அது ஆவியாகிப் போகாததால் மூக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான். பிபிடி இருந்த இடத்திலேயே இருக்கும்.

“கறுப்பு ஹென்னா” இதைவிடப் பெரிய ஏமாற்று. மருதாணியில் இருக்கும் லாசோன் செம்மஞ்சள்தான் தரும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் கன்னங்கறுப்பு ஆகாது. அவுரி இலைப்பொடியை மேலே தனியாகப் பூசினால் கறுக்கும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். அரை மணியில் கறுக்கும் பொடி என்றால் உள்ளே பிபிடியும், பெராக்சைடு வேலையைச் செய்ய பேரியம் பெராக்சைடு போன்ற ஒன்றும் இருக்க வாய்ப்பு மிக அதிகம். கீழக்கரையில் மணப்பெண்ணின் கையில் இடும் கோனிலும் இதே பெயரைப் பார்க்கிறேன். தலையில் பூசும் டையில் பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. தோலில் வரையும் கறுப்பில் அது பல மடங்கு இருப்பதுண்டு. முழங்கை வரை கொப்புளத்தோடு எந்தப் பெண்ணும் மேடை ஏற வேண்டாம்.

நம் நாட்டு விதி ஒன்றும் வாய்மூடி இருக்கவில்லை. முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்திலும் இமையிலும் பூசினால் பார்வையே போகலாம் என்ற எச்சரிக்கை பாக்கெட்டின் உள்ளும் புறமும் ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும் என்கிறது. எறும்பு எழுத்தில் அச்சடித்து மடித்து வைத்ததை யார் பிரித்துப் படிக்கிறார்? நீங்கள் வாயால் சொன்னால்தான் உண்டு. 24 மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு. இவ்வகை ஒவ்வாமை இரண்டாம் நாளிலும் தலைகாட்டும் என்பதால், 48 மணி நேரம் கிடைத்தால் விடாதீர்கள்.

உங்கள் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகக்கண் கறுத்து, விரல் நுனி வறண்டு வெடித்து, சோறு பிசையும்போது எரிகிறது என்று சொன்ன சலூன்காரர் ஒருவரின் கையை நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை தொடும் சரக்கை நீங்கள் நாள் முழுக்கத் தொடுகிறீர்கள். டையோடு வரும் மெல்லிய பாலித்தீன் உறை போதாது. நைட்ரைல் கையுறை வாங்குங்கள். உலோகக் கிண்ணத்தில் கலக்காதீர்கள், பெராக்சைடு சீக்கிரம் சிதையும். கலந்து மிஞ்சியதை மூடி வைத்து அடுத்தவருக்குப் பூசவும் வேண்டாம். வீரியம் போவது ஒருபுறம், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் கூடும்.

கண்ணிமை வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ தலையை நன்றாகக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், பாக்கெட்டையும் கையில் கொடுத்து.

“நாளைக்கு வா என்றால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்” என்பது நியாயமான கவலை. இதை ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்குமாக எழுதுவது அதனால்தான். உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசி, எல்லாக் கடையிலும் ஒரே தேதியில் தொடங்குங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்ட, கொட்டை எழுத்தில் தமிழ் அட்டை எழுதித் தர என் மாணவர்கள் இருக்கிறார்கள். எத்தனை கடை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியில் உட்காரும் வேதியியல் ஆசிரியன்